அப்பாவின் லாரி, என் பாட்டு

ராப் பாடுவதை நான் விட்டு மூன்று வருஷம் ஆகப்போகிறது. விட்டேன் என்று சொல்வதும் முழு உண்மையில்லை. கூப்பிடுவது குறைந்தது, பிறகு நின்றது. கூப்பிடாத மேடையில் யாரும் ஏற முடியாது. இப்போது பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ரெக்கார்டிங் கடையில் இருக்கிறேன். ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போகும் விளம்பர ஆட்டோக்களுக்குக் குரல் கொடுப்பது என் வேலை. ஜவுளிக்கடைத் தள்ளுபடி, கோயில் கும்பாபிஷேகம், புதிதாகத் திறந்த பல் ஆஸ்பத்திரி. சில சமயம் கடைக்கு வருகிறவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நீங்க அந்த லாரிப் பாட்டு..." என்று இழுப்பார். ஆமாம் என்பேன். "இப்ப ஏன் பாடுறதில்ல?" என்பார். மைக்கைச் சரிசெய்வதுபோல் திரும்பிக்கொள்வேன்.

எங்கள் ஊர் அரியலூரிலிருந்து கொஞ்சம் தள்ளி, சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கும் சிமெண்ட் ஆலைக்கும் நடுவில் போகிற சாலையில் இருக்கிறது. சாலையோரத்துக் கருவேலமரங்களுக்கு மழைக்காலத்தில் மட்டும்தான் பச்சை நிறம். மற்ற நாளெல்லாம் மாவு தூவியதுபோல் இருக்கும். அப்பா அந்தச் சாலையில் கல் லாரி ஓட்டினார். சுரங்கத்தில் கல் ஏற்றி ஆலையில் கொட்டிவிட்டுத் திரும்பினால் ஒரு நடை. நடைக்குத்தான் கூலி. அதனால் எல்லா டிரைவரும் பறப்பார்கள். அப்பாவும் பறந்திருப்பார். நான் பார்த்ததில்லை. நான் பார்த்ததெல்லாம் வீட்டுக்கு வந்ததும் புருவத்து வெள்ளையைத் துண்டால் தட்டிவிட்டு, கிணற்றடியில் நெடுநேரம் முகம் கழுவுகிற ஆளைத்தான்.

பெரம்பலூரில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தேன். அங்கே எனக்கு ஒரு நண்பன். ரஞ்சன்குடிப் பக்கத்துக்காரன். பாடத்தைவிட லேப்டாப்பில் தாளம் போடுவதில்தான் அவனுக்கு ஆர்வம். ஹாஸ்டல் அறையில் ஜன்னலுக்குப் போர்வையைத் தொங்கவிட்டு, அவன் பீட் போட, நான் வாய்க்கு வந்ததைப் பேசுவேன். வார்டனைப் பற்றி, மெஸ் சாம்பாரைப் பற்றி, அரியர் பேப்பரைப் பற்றி. பையன்கள் சுற்றி உட்கார்ந்து சிரிப்பார்கள். அதைத் தாண்டி எங்களுக்குப் பெரிய ஆசை இருந்ததாக நினைவில்லை.

கடைசி வருஷம் எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றுகிற அக்கா செத்துப்போனார். ஒரு டிவிஎஸ் வண்டியில் இரண்டு பக்கமும் கேன் கட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் போவார். நான் காலேஜ் பஸ்ஸுக்காக நின்றால், "இன்னும் வரலியா ஒன் பஸ்சு? ஏறு, ரோட்டு மொனையில விட்டுடறேன்" என்று கேலி செய்வார். ஏற இடமே இருக்காது. அன்றைக்கும் அப்படிச் சொல்லிவிட்டுத்தான் போனார். திருப்பத்தில் லாரி. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது பால் சாலையில் ஓடி, ஓரத்தில் கிடந்த வெள்ளைத் தூசியோடு சேர்ந்து கூழாகியிருந்தது. அது அப்பாவின் லாரி இல்லை. ஆனால் நிறம் ஒன்றுதான், சத்தம் ஒன்றுதான்.

நான்காம் நாள் காலேஜ் கேன்டீனில் உட்கார்ந்து எழுதினேன். ஒரே மூச்சில் வந்தது. அதற்கு முன்னும் பின்னும் எனக்கு எதுவும் அப்படி வந்ததில்லை. அதில் இந்த இரண்டு வரியும் இருந்தன:

ஸ்டியரிங் புடிச்ச கையில ரத்தம்
சோத்தப் பெசையுற கையில ரத்தம்

நண்பன் முழுதும் படித்தான். மறுபடியும் படித்தான்.

"சூப்பரா இருக்குடா. ஆனா கம்பெனியப் பத்தி ஒரு வரிகூட இல்லியே? நடைக்குக் காசுன்னா அவன் பறக்கத்தானே செய்வான். ஒங்கப்பாவே சொல்வார்னு சொன்னியே?"

"எழுதிப் பாத்தேன்டா. பீட்டுல உக்காரல."

அது பொய். நான் எழுதியே பார்க்கவில்லை. கம்பெனி என்றால் எனக்கு ஒரு கேட்டும் ஒரு புகைபோக்கியும்தான் தெரியும். டிரைவர் என்றால் கை, கண், வேர்வை நாற்றம், சோறு எல்லாம் தெரியும். தெரிந்ததை எழுதினேன். யாரை வைத்துத் தெரிந்துகொண்டேன் என்பதை அப்போது நினைக்கவில்லை. நினைக்காமல் இருக்கப் பழகியிருந்தேன் என்பதே சரி.

அந்தச் சாலையிலேயே நின்று வீடியோ எடுத்தோம். பால்கார அக்காவின் கணவரிடம் போய் நசுங்கிய வண்டியைக் கேட்டேன். எதற்கு என்றுகூட அவர் கேட்கவில்லை. "அந்த டேங்குல வச்சிருக்கற குங்குமத்த மட்டும் தொடச்சிராத தம்பி, ஆயுத பூசைக்கு அவ வச்சது" என்றார். தொடாமல் எடுத்தோம்.

யூடியூபில் ஏற்றிய பிறகு சில வாரங்கள் எங்கள் காலேஜ் பையன்கள் மட்டும்தான் பார்த்தார்கள். பிறகு இன்னொரு ஊரில் இன்னொரு விபத்து நடந்தது. அந்தக் காட்சிக்குப் பின்னால் யாரோ என் பாட்டை ஒட்டிப் பரப்பினார்கள். ஒரு வாரத்தில் டீக்கடை, மொபைல் கடை, மினி பஸ் எல்லாவற்றிலும் என் குரல். டிவிக்காரர்கள் வீட்டுக்கு வந்தார்கள். அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு காபி போட்டாள். ஒரு சாவு நடந்த பிறகு எழுதிய பாட்டு, இன்னொரு சாவு நடந்த பிறகு ஓடியது. அந்தச் சந்தோஷத்தில் எனக்கு இது உறுத்தவில்லை. உறுத்தியதாக இப்போது சொன்னால் அது நடிப்பு.

சென்னையிலிருந்து ஓர் ஆடியோ கம்பெனி கூப்பிட்டது. குளிரூட்டிய அறையில் உட்கார வைத்து, நாங்கள் எதையும் படிப்பதற்கு முன்பே பேனாவைக் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டோம். திரும்பி வரும்போது விழுப்புரம் வரைக்கும் நானும் நண்பனும் பேசிக்கொண்டே வந்தோம். அதற்கப்புறம் வெளியே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அதன்பின் இரண்டு வருஷம் பை எப்போதும் கட்டியபடியே இருந்தது. திருச்சி, மதுரை, கோயம்புத்தூர், சென்னை. காலேஜ் விழாக்கள்தான் அதிகம். மேடையில் நான் "கையில" என்று நிறுத்துவேன். கீழே ஆயிரம் பேர் "ரத்தம்!" என்பார்கள். உடம்பு சிலிர்க்கும். அந்தச் சிலிர்ப்புக்காக என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று தோன்றும்.

அப்பா அந்தப் பாட்டை முதலில் எப்போது கேட்டார் என்று எனக்குத் தெரியாது. சுரங்கத்தில் லோடுக்காக வரிசையில் நிற்கும்போது மற்ற டிரைவர்கள் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். "ஒம் பையனாமே" என்று முதலில் தோளைத் தட்டினார்களாம். பிறகு பேச்சைக் குறைத்துக்கொண்டார்களாம். இதெல்லாம் அம்மா சொன்னது. அப்பா என்னிடம் சொன்னது, "கொரலு நல்லாருக்கு" மட்டும்தான். ஆறேழு மாதம் கழித்து ஒருநாள் நான் ஊரில் இருந்தபோது, செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டார்.

"அந்தப் பாட்டுல சோத்தப் பெசையுற கைன்னு ஒண்ணு வருதுல்ல. அத மட்டும் மாத்த முடியுமா?"

"ஏன்ப்பா?"

"ஒண்ணுமில்ல. கேட்டேன்."

"இனிமே அது என் கையில இல்லப்பா. கம்பெனிக்குக் குடுத்தாச்சு. கேட்டுப் பாக்குறேன்."

"சரி, விடு" என்று கிளம்பிவிட்டார்.

நான் சென்னைக்குப் போன் செய்தேன். அங்கிருந்த மேனேஜர் சிரித்தார். "பாட்டே அந்த ரெண்டு வரிதானே தம்பி? அத எடுத்துட்டா என்ன இருக்கு?" எனக்கும் அதுதான் தோன்றியது. அப்பாவிடம் திரும்பச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

அடுத்த கோடையில் அது நடந்தது. எங்கள் ஊருக்கு இரண்டு ஊர் தள்ளி ஒரு பைக்கில் லாரி மோதியது. பைக்கில் போனவர் பிழைத்துக்கொண்டார், ஒரு கால் போயிற்று. சுற்றுவட்டார இளைஞர்கள் வந்து சாலையை மறித்தார்கள். மோதிய லாரியின் டிரைவரைக் கீழே இழுத்து அடித்தார்கள். பின்னால் வரிசையாக நின்ற லாரிகளின் கண்ணாடிகளையும் உடைத்தார்கள். அந்த வரிசையில் மூன்றாவது லாரி அப்பாவுடையது.

நான் அன்று வீட்டில்தான் இருந்தேன். பகல் ஒரு மணி இருக்கும். அப்பா நடந்தே வந்தார். சட்டைப் பாக்கெட் கிழிந்து தொங்கியது. அம்மா அலறிக்கொண்டு எழுந்தாள். "எனக்கு ஒண்ணும் இல்ல, தண்ணி குடு" என்றார். குடித்துவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"ரோட்டுல ஒக்காந்து ஒன் பாட்டத்தான் பாடுனானுவ. அந்தப் பயல அடிக்கறப்பவும் பாடுனானுவ. எங்கிட்ட வந்து கதவத் தொறந்து இழுத்தானுவ. அதுல ஒருத்தன், 'டேய், இவரு அந்த ராப்பரோட அப்பாடா'ன்னான். ஒடனே வுட்டுட்டானுவ."

"அப்புறம்?"

"செல்ஃபி எடுத்துக்கிட்டானுவ. நாலஞ்சு பேரு. சிரிங்க சித்தப்பான்னானுவ."

அம்மா காலித் தம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"சிரிச்சேன்" என்றார் அப்பா.

அந்தப் படம் எனக்கும் வந்தது. யாரோ என்னை டேக் செய்திருந்தார்கள். அப்பா நடுவில் நிற்கிறார், தோள்மேல் இரண்டு பக்கமும் கைகள். உதடு விரிந்திருக்கிறது. பின்னால் கொஞ்சம் மங்கலாக, தரையில் ஓர் ஆள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மேலே தீ எமோஜிகள் போட்டிருந்தார்கள். அந்த டிரைவர் பிழைத்துவிட்டார், ஆனால் ஒரு காது கேட்காது என்று பிறகு கேள்விப்பட்டேன். பார்க்கப் போகவேண்டும் என்று நினைத்தேன். போகவில்லை. எந்த முகத்தோடு போவது என்று யோசித்து யோசித்து நாள் கடந்துவிட்டது.

அதற்கு அடுத்த மாதம் நான் படித்த காலேஜிலேயே விழா. பழைய மாணவன் என்று பெரிய வரவேற்பு. மாலை நாலு மணி வெயிலில் மைதானம் நிரம்பியிருந்தது. நான் ஒரு முடிவோடு மேடை ஏறினேன். அந்த இரண்டு வரி வரும் இடத்தில் வேறு வரி பாடுவது என்று எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். நடையைப் பற்றி, நடைக்குக் கூலி வைத்தவனைப் பற்றி. நண்பனிடம் மட்டும் சொல்லியிருந்தேன். "ரெண்டு வருசம் லேட்டுடா" என்றான், கோபமில்லாமல்.

இடம் வந்தது. புதிய வரியை ஆரம்பித்தேன். கீழே கூட்டம் பழைய வரியைப் பாடியது. என்னுடையதைவிட அவர்கள் குரல்தான் பெரிதாக இருந்தது. "கையில ரத்தம், கையில ரத்தம்" என்று கையை உயர்த்தி ஆட்டினார்கள். என் வாய் அசைவது தெரிந்திருக்கும், என்ன சொல்கிறேன் என்று ஒருவருக்கும் கேட்டிருக்காது. பாதியில் நிறுத்திவிட்டு மைக்கை நீட்டிப் பிடித்தேன். அவர்களே பாடி முடித்தார்கள். விழா முடிந்ததும் ஒரு பெண் ஓடி வந்து, "அண்ணா, நீங்க எங்களப் பாட விட்டீங்கள்ல, செம" என்றாள். நன்றிம்மா என்றேன்.

அதற்குப் பிறகு இறக்கம்தான். இறக்கத்தைச் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. ஏறும்போது ஒவ்வொரு படியும் நினைவிருக்கிறது. இறங்கும்போது எத்தனை படி என்று யார் எண்ணினார்கள்? எறையூர் பக்கம் மூன்று வாரம் சுற்றி, கரும்பு வெட்டுகிறவர்களோடு வயலில் இருந்து, தோகை கிழித்த கையோடு வந்து ஒரு பாட்டு எழுதினேன். என் கணக்கில் நான் எழுதியதிலேயே அதுதான் நல்ல பாட்டு. யாரையும் குற்றம் சொல்லாத பாட்டு. அதனாலோ என்னவோ, ஓடவில்லை. கீழே கருத்து எழுதியவர்கள் "பழைய நெருப்பு இல்ல ப்ரோ" என்றார்கள். கம்பெனி காதல் பாட்டு கேட்டது. எழுதினேன். அதில் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. ஒரு சினிமாவில் நாலு வரி பாடினேன், படம் வரும்போது அது வெட்டப்பட்டிருந்தது. இதற்குள் என்னைவிடச் சின்னப் பையன்கள், என்னைவிட வேகமாகப் பேசுகிறவர்கள் வந்துவிட்டார்கள். அவர்கள் நன்றாகவே பாடினார்கள். பொறாமைப்படக்கூடத் தெம்பில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நண்பன் சென்னையிலேயே ஓர் இசையமைப்பாளரிடம் வேலைக்குச் சேர்ந்தான். எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. சென்னையில் தங்கியிருந்த அறையில் நான் பெட்டியைக் கட்டும்போது, "நீயும் இங்கயே இருடா, எதாவது பாத்துக்கலாம்" என்றான். "ஊருக்குப் போறேன்டா, களப்பா இருக்கு" என்றேன். களைப்பு உடம்பில் இல்லை என்று அவனுக்கும் தெரியும். கோயம்பேட்டில் பஸ் ஏற்றிவிட்டு, பஸ் நகரும்வரை நின்றான்.

ஊருக்கு வந்து சும்மா இருந்த நாட்களில்தான் ஒரு சிமெண்ட் ஆலையிலிருந்து ஆள் வந்தார். சாலைப் பாதுகாப்பு வார நிகழ்ச்சியாம். டிரைவர்கள் முன்னால் அந்த லாரிப் பாட்டை நான் பாட வேண்டுமாம்.

"ஆனா கொஞ்சம் பாசிட்டிவா இருக்கணும் தம்பி. அந்த ரத்தம் வேணாம். மாத்தித் தர முடியுமா?"

அப்பா செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டது அதுதான். என் கையில் இல்லை என்று அவரிடம் சொன்ன நான், இவருக்கு ஐந்து நிமிஷத்தில் மாற்றிக் கொடுத்தேன். ஸ்டியரிங் பிடித்த கையில் உயிர் இருக்கிறது, வீட்டில் பிள்ளை காத்திருக்கிறது, மெதுவாகப் போ என்று எழுதினேன். ஆடியோ கம்பெனியிடம் கேட்கவேண்டுமே என்ற நினைப்பே வரவில்லை. அவர்களும் கண்டுகொள்ளவில்லை. என் பாட்டை யாரும் காவல் காக்காத காலம் வந்துவிட்டது.

ஆலை வளாகத்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். டிரைவர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி மஞ்சள் டீசர்ட். மூன்றாவது வரிசையில் அப்பாவும் அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அளவு பெரிது, தோளில் இறங்கியிருந்தது. நான் பாடினேன். கை தட்டச் சொன்னபோது தட்டினார்கள். சிலர் சாப்பாட்டு டோக்கனை விரலில் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் கோபமில்லை, ஒருவருக்கும் சந்தோஷமும் இல்லை. முடிந்ததும் எனக்குச் சால்வை போர்த்தினார்கள்.

திரும்பும்போது அப்பாவை என் பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்தேன். பாதி வழியில் பின்னாலிருந்து கேட்டார்.

"இது நீ எழுதுனதா, அவங்க எழுதிக் குடுத்தாங்களா?"

"நான்தாம்ப்பா."

எதிரே லாரி ஒன்று வந்து கடந்தது. தூசி அடங்கும்வரை வேகத்தைக் குறைத்தேன்.

"மொதப் பாட்டு கேக்கறப்ப வலிச்சுது. கோவமும் வந்துச்சு. ஆனா அத முழுசாக் கேட்டேன். இது..." என்று நிறுத்தினார். "காதுல விழுந்துச்சு, அவ்வளவுதான்."

நான் வண்டியை நிறுத்தவில்லை. மன்னிப்புக் கேட்பதற்கு ஏற்ற நேரம் அதுதான் என்று தெரிந்தது. வாய் திறந்தேன், "டீ குடிக்கிறியாப்பா?" என்றுதான் வந்தது. "வூட்டுக்குப் போயிடலாம்" என்றார்.

அடுத்த வருஷம் அவருக்குக் கண்ணில் புரை வந்து லாரியை விட்டுவிட்டார். நானும் பெரம்பலூர் கடையில் சேர்ந்துவிட்டேன். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டேனா என்றால், கேட்டேன். பெரிதாக ஒன்றும் இல்லை. ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "அந்த வரிய நான் எழுதியிருக்கக் கூடாதுப்பா" என்றேன். அவர் மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். "அந்தப் பொண்ணு செத்தது ஒனக்குத் தாங்கல. எழுதிட்ட" என்றார். பிறகு, "ஊறுகா எடு" என்றார். அம்மா எடுத்து வைத்தாள். இத்தனை வருஷம் நான் ஒத்திப்போட்டது அவ்வளவு சின்ன வேலையாக இருந்ததில் எனக்கு ஒரு சோர்வுதான் வந்தது.

போன மாதம் கண் பரிசோதனைக்காக அவரைப் பெரம்பலூருக்குக் கூட்டிவந்தேன். ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு அனுப்பியிருந்தார்கள். பார்வை தெளிய நேரமாகும் என்று கடையிலேயே உட்கார வைத்தேன். செட்டிகுளத்திலிருந்து சின்ன வெங்காய வியாபாரி ஒருவர் விளம்பரம் கேட்டிருந்தார். நான் பதிவு செய்து, ஸ்பீக்கரில் ஒருமுறை ஓடவிட்டேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"ரொம்ப வேகமாச் சொல்ற. ஆட்டோ போயிட்டே இருக்கும்ல? ஒரு வூட்டு வாசல்ல பாதிதான் கேக்கும். வெலய மொதல்ல சொல்லு, அப்பறம் வெங்காயத்தப் பத்திச் சொல்லு."

அவர் சொன்னது சரி. மறுபடி பதிவு செய்தேன், விலையை முன்னால் வைத்து, நிறுத்தி நிறுத்தி. வியாபாரிக்குப் பிடித்திருந்தது. ஐந்து மணிக்குக் கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டு கிளம்பி அரியலூர் பஸ் பிடித்தோம். ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அப்பா தூங்கிவிட்டார். பேரளி தாண்டி வேகத்தடையில் பஸ் தூக்கிப்போட்டபோது கண் விழித்து, "எந்த ஊரு?" என்று கேட்டார். சொன்னேன். இன்னும் நேரமிருக்கிறது என்று மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.